பசுமைக்குடிலில் பூ உதிர்வது உரக்குறையால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டுப் பசுமைக்குடில் பற்றிய கட்டுரைகளில் குழாய், கம்பி, பாலித்தீன் விரிப்பு என்று கூடாரத்தின் கணக்கு விரிவாக வருகிறது. காற்றோட்டத்துக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் இரண்டு வரிகூடக் கிடைப்பதில்லை. தக்காளி ஆளுயரம் வளர்ந்து, கொத்துக்கொத்தாகப் பூத்து, ஒரு பிஞ்சும் நிற்காமல் போவதற்குப் பெரும்பாலும் இவ்விரண்டுமே காரணம். இனி வெளியிடும் கட்டுரைகளில் இவற்றுக்கும் இடம் தர வேண்டுகிறேன்.

பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் வீரியம் இழக்கத் தொடங்கும். இரவு 24 டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டாலும் பூ உதிரும். மூடிய குடில் வெயில் ஏறியதும் இந்த அளவை எளிதில் கடந்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் போதாது. சூடான காற்று முகட்டில்தான் தங்கும். எனவே கூரை உச்சியில் ஒரு திறப்பு, அதன் வழியே வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரப் பக்கவாட்டில் அடியில் ஒரு திறப்பு. இரண்டும் சேர்ந்து தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 10க்கு 8 அடிக் குடில் என்றால் 16 சதுர அடி. வெள்ளை ஈயைத் தடுக்க 40 மெஷ் வலை (ஓர் அங்குல நீளத்தில் 40 கண் உள்ள நுண்வலை) அடிப்பவர்கள் திறப்பை இன்னும் பெரிதாக்க வேண்டும், ஏனென்றால் அந்த வலை காற்றையும் வெகுவாகத் தடுக்கும். நிழல்வலையை விரிப்புக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். உள்ளே கட்டினால் வலை வாங்கிய சூடு உள்ளேயே இறங்கும்.

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருந்தாலும் மகரந்தம் உதிர அசைவு தேவை. ஒன்றுவிட்டு ஒருநாள், காலை 10 மணிக்கு மேல் பிற்பகல் 2 மணிக்குள், பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிட வேண்டும். மின்சாரப் பல்துலக்கியின் முதுகைக் காம்பில் ஒற்றினால் இன்னும் நல்லது. ஈரம் காயாத விடியற்காலையில் தட்டிப் பயனில்லை, மகரந்தம் கட்டிக்கொள்ளும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் இதே முறைதான்.

பாகல், பூசணி போன்ற கொடிகளில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் நடுவில் தொட்டுவிட வேண்டும். பாகல், பூசணி காலையில் மலர்பவை. பீர்க்கும் சுரையும் மாலையில். இந்த நேர வேறுபாடு தெரியாமல்தான் பலர் காய்க்கவில்லை என்று பீர்க்கங்கொடியைப் பிடுங்கி எறிகிறார்கள். வெள்ளரியில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் ரகங்கள் உண்டு. விதை உறையில் 'பார்த்தினோகார்ப்பிக்' என்று இருக்கும். குடிலுக்கு அதையே வாங்குங்கள்.

தண்ணீரைக் காலையில், வேரடியில் ஊற்றுங்கள். இரவு முழுவதும் இலை நனைந்திருந்தால் பூஞ்சணம் தொற்றும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து காய்க்குச் சீராகப் போய்ச் சேராமல் தக்காளியின் அடி கறுத்து அழுகும்.

இன்னொன்று: குடிலுக்குள் மழை விழாது. அதனால் உரத்தின் உப்பு தொட்டியிலேயே சேர்ந்து, மண்மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும், இலை ஓரம் கருகும். அதைச் சத்துக்குறை என்று நினைத்து மேலும் உரமிட்டால் செடி போய்விடும். 15 லிட்டர் தொட்டிக்கு 30 லிட்டர் வெறும் தண்ணீரை மெதுவாக ஊற்றி அடித்துளை வழியே வடியவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாதி அளவு உரத்தோடு தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்