வாடகைக்கு வீடு வாங்கப் போனேன்

ஆசிரியருக்கு வணக்கம். ஓய்வூதியப் பணத்தில் பல்லாவரம் பக்கம் ஒரு பழைய ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட நினைத்தேன். விலை 42 லட்சம். “மாசம் 14,000 நிச்சயம் சார், வில்லங்கமே இல்லை” என்றார் தரகர்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்க்கலாம் என்று மருமகள் சொன்னாள். சர்வே எண்ணைப் போட்டதும் வந்தது. 2016-இல் வங்கி அடமானம். அதைத் தீர்த்ததற்கான ரசீது ஆவணம் எங்கும் இல்லை. பத்திரப்பதிவுக்கு அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பும் அதே தளத்தில் இருக்கிறது. பட்டாவுக்கு வருவாய்த்துறையின் இ-சேவைத் தளம்; அதற்கும் கட்டணமில்லை.

கணக்கையும் போட்டேன். வருஷ வாடகை 1,68,000. மாதம் 2,500 பராமரிப்பு, வீட்டு வரி, இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் நஷ்டம் எல்லாம் கழித்தால் மூன்று சதவீதம்கூடத் தேறவில்லை. வங்கி வைப்பு நிதியே மேல்.

இணையத்தில் இல்லாத ஒன்றை வாசலில் நின்ற இஸ்திரி வண்டிக்காரர் சொன்னார்: “ஏப்ரல் வந்தா லாரித் தண்ணிதான் சார். குடிவர்றவங்க ஒரு வருஷம் தாங்க மாட்டாங்க.” அவரும் காசு கேட்கவில்லை.

தரகர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார். ரசீதைக் கேட்டால் மட்டும் ‘சிக்னல் இல்லை’ என்கிறார்.

— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், குரோம்பேட்டை