ரூம் டெம்பரேச்சர்னா எத்தன டிகிரி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சி பக்கத்துல ஒரு காலேஜ்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரில பிஎச்டி பண்றேன், இது நாலாவது வருஷம். ஆராய்ச்சி மாணவர்களப் பத்தி பத்திரிகைல வந்தா ஃபெலோஷிப் லேட்டா வர்றது, பேப்பர் எத்தன போட்டாங்கங்கறது, இதத்தான் பேசுறாங்க. எல்லாம் பேச வேண்டியதுதான், ஆனா லேப்ல நாங்க பண்ற ரியாக்‌ஷன எப்படி எழுதி வைக்கிறோம்னு யாருமே கேக்கறதில்ல. அதுக்குத்தான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாப் போகும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

முதல் வருஷம் எனக்கு கொடுத்த வேலையே, எங்க லேப்ல முன்னாடி இருந்த ஒரு அக்கா பண்ணின காம்பவுண்ட திரும்பப் பண்றதுதான். அக்கா தீசிஸ்ல 82 சதவீதம் ஈல்டுன்னு இருக்கு, அதாவது கணக்குப்படி கெடைக்க வேண்டிய ப்ராடக்ட்ல 82 சதவீதம் கெடச்சுதுன்னு. நான் ஏழு தடவ போட்டேன், 40-ஐ தாண்டவே இல்ல. அலமாரிலேருந்து அவங்க நோட்ட எடுத்துப் பாத்தா "ஆர்டி, ஓவர்நைட் ஸ்டிர்"னு ஒரே வரி, அதாவது ரூம் டெம்பரேச்சர்ல (ஆர்டி) ராத்திரி முழுக்க கலக்கறது. தேதி எழுதின மூலைல எதியோ கொட்டி மை கலைஞ்சு போயிருக்கு. என் கை சரியில்லன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன், ராத்திரி ஹாஸ்டல் போயி அழுதிருக்கேன். கடைசில அந்த அக்கா நம்பர தேடிப் பிடிச்சு ஃபோன் பண்ணி கேட்டப்பதான் தெரிஞ்சுது, அவங்க அத பண்ணினது மே மாசம், அப்ப லேப்ல ஏசி கிடையாது, ஓவர்நைட்னா சாயங்காலம் நாலு மணிக்குப் போட்டு மறுநாள் பத்து மணிக்கு எடுக்கறது, அதாவது 18 மணி நேரம். நான் ஏசி ரூம்ல 24 டிகிரில 12 மணி நேரம் வச்சிருந்தேன். ஆயில் பாத்ல 37 டிகிரி செட் பண்ணி 18 மணி நேரம் விட்டேன், 79 சதவீதம் வந்துச்சு. ரூம் டெம்பரேச்சர்னு எழுதினா ஜெர்மனில ஒரு அர்த்தம், திருச்சில மே மாசம் வேற அர்த்தம், அந்த ரெண்டு எழுத்துக்காக என் வாழ்க்கைல அஞ்சு மாசம் போச்சு.

இது எங்க லேப் பிரச்சன மட்டும் இல்லைங்க. நேச்சர் பத்திரிகை 2016-ல 1,576 ஆராய்ச்சியாளர்கள்கிட்ட கேட்டதுல, 70 சதவீதத்துக்கு மேல இருக்கறவங்க மத்தவங்க செஞ்ச சோதனைய திரும்ப செஞ்சு பாத்து முடியாம போயிருக்குன்னு சொன்னாங்க. ஆர்கானிக் சிந்தஸிஸ்னு ஒரு ஜர்னல் இருக்கு, 1921-லேருந்து வருது, அதுல அனுப்புற ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவுல இருக்கறவங்க யாராவது ஒருத்தர் லேப்ல நிஜமா செஞ்சு பாத்துட்டுதான் அச்சுக்கே விடுவாங்க. நூறு வருஷம் முன்னாடியே இந்தக் கவல இருந்திருக்குன்னுதான அர்த்தம்.

இன்னொரு சம்பவம், இத நான் ஜூனியர்ஸ் எல்லாருக்கும் சொல்வேன். 2003-ல ஒரு குழு மெட்டல் கேட்டலிஸ்டே (வினையூக்கி) போடாம சுசுகி கப்ளிங், அதாவது ரெண்டு மாலிக்யூல கார்பன்-கார்பன் பிணைப்பால இணைக்கறது, நடக்குதுன்னு பேப்பர் போட்டாங்க, அந்த ரியாக்‌ஷனுக்கு பல்லேடியம் வேணும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால பெரிய செய்தி. 2005-ல அவங்களே நேர்மையா திரும்ப ஆராஞ்சு சொன்னாங்க, நாங்க பேஸா (காரமா) போட்ட சோடியம் கார்பனேட்ல 50 பிபிபி பல்லேடியம் கலந்திருக்கு, வேலைய செஞ்சது அதுதான்னு. நூறு கோடில அம்பது பங்கு! அப்ப எந்தக் கம்பெனி பாட்டில், எந்த லாட் நம்பர்னு எழுதி வைக்காத நோட்டு எவ்ளோ அழகான கையெழுத்துல இருந்தாலும் பாதி நோட்டுதான்.

சரி விஷயத்துக்கு வரேன். போன வருஷம் நானும் எங்க காலேஜ் கம்ப்யூட்டர் சயின்ஸ்ல படிக்கிற ஒரு தம்பியும் சேந்து, சிந்தஸிஸ் எக்ஸ்பெரிமென்ட ஃபைல்ல பதிவு பண்றதுக்குன்னு பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழில ஒரு சின்ன பேக்கேஜ் (ப்ரோகிராம் தொகுப்பு) எழுதினோம். எலக்ட்ரானிக் லேப் நோட்புக் சாஃப்ட்வேர் எவ்ளோ இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு, இலவசமா ஈலேப்எஃப்டிடபிள்யூ, கெமோஷன் மாதிரி நல்லதே இருக்கு, ஆனா அதுக்கு சர்வர் வேணும், சர்வர பாத்துக்க ஆள் வேணும், எங்க டிபார்ட்மென்ட்ல கரண்ட் போனா வைஃபையும் போயிரும். காசு கொடுத்து வாங்குறதுன்னா ப்ராஜெக்ட் முடிஞ்சதும் லைசென்ஸ் முடியும், உள்ள இருக்கற டேட்டாவ வெளில எடுக்கவே தனியா போராடணும். அதனால முதல் நாளே ஒரு முடிவு எடுத்தோம், எங்க பைத்தான் ப்ரோகிராம் நாளைக்கே அழிஞ்சு போனாலும் ஃபைல சாதாரண நோட்பேட்ல திறந்து ஒரு கெமிஸ்ட் படிச்சு ரியாக்‌ஷன திரும்பப் போட முடியணும். மத்த எல்லா முடிவும் இதுலேருந்து வந்ததுதான்.

ஒரு எக்ஸ்பெரிமென்ட்டுக்கு ஒரு ஃபோல்டர். பேரு வருஷம்-மாசம்-தேதி, அப்புறம் செஞ்சவங்க இனிஷியல், அன்னிக்கு எத்தனாவது ரியாக்‌ஷன், அவ்ளோதான். வருஷம் முன்னாடி வந்தா கம்ப்யூட்டர் தானாவே வரிசையா அடுக்கிடும். உள்ள ஒரு டெக்ஸ்ட் ஃபைல், பக்கத்துல என்எம்ஆர், மாஸ், டிஎல்சின்னு ப்ராடக்ட் சரியான்னு பாக்கற டெஸ்ட்களோட ஃபைல், ஃபோட்டோ எல்லாம் மெஷின்லேருந்து வந்தபடியே. அந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹாஷ்னு ஒரு கைரேகை மாதிரி நம்பர் எடுத்து பதிவுல வச்சிருவோம், பின்னாடி யாராவது ஒரு எழுத்து மாத்தினாலும் தெரிஞ்சிரும்.

டெக்ஸ்ட் ஃபைல எந்த ஃபார்மட்ல எழுதறதுங்கறதுல ஒரு மாசம் சண்ட போட்டோம். தம்பி முதல்ல யாமல்னு ஒண்ணு வச்சான், பாக்க சுத்தமா இருக்கும், கோட் மார்க் (மேற்கோள் குறி) எதுவும் போட வேணாம். நான் ஹைட்ராக்சில்அமீனுக்கு ஸ்மைல்ஸ் டைப் பண்ணேன். ஸ்மைல்ஸ்ங்கறது மாலிக்யூல ஒரே வரில எழுத்தா எழுதற முறை, 1988-ல டேவிட் வைனிங்கர் கொண்டு வந்தது. ஹைட்ராக்சில்அமீனுக்கு அது வெறும் ரெண்டு எழுத்து, என்-னும் ஓ-வும். பைத்தான் அத இங்கிலீஷ் 'நோ'ன்னு எடுத்துக்கிட்டு 'பொய்'னு பதிவு பண்ணிருச்சு. சரி திருப்பி ஓ முதல்ல என் அடுத்துன்னு எழுதினா, அதுவும் அதே மாலிக்யூல்தான், அத 'ஆன்'னு படிச்சு 'உண்மை'ன்னு வச்சுக்கிச்சு. ஒரு எரர் கூட வரல, சத்தமே இல்லாம ரீஏஜென்ட் காணாம போச்சு. அன்னிக்கே யாமல விட்டுட்டு டாமல்னு இன்னொரு ஃபார்மட்டுக்கு மாறினோம், அதுல எழுத்துன்னா கண்டிப்பா கோட் மார்க் போடணும். அதுலயும் டபுள் கோட் போட்டா பின்சாய்வுக்கோடு வேற அர்த்தம் எடுத்துக்கும், ஸ்மைல்ஸ்ல சிஸ் ட்ரான்ஸ், அதாவது ரெண்டு தொகுதி ஒரே பக்கமா எதிர்ப்பக்கமான்னு காட்டறதே சாய்வுக்கோடுகள வச்சுதான், அதனால சிங்கிள் கோட்தான் போடணும்னு விதி வச்சோம். டாமல படிக்க பைத்தான் 3.11-லேருந்து கூடவே வசதி இருக்கு, எழுதறதுக்குத்தான் தனியா ஒரு குட்டி லைப்ரரி வேணும்.

எக்செல்லயே வச்சுக்கலாமேன்னு எங்க சார் கேட்டாரு. எக்செல் சில காஸ் நம்பர (ஒவ்வொரு கெமிக்கலுக்கும் இருக்கற அடையாள எண்) தேதின்னு நெனச்சு மாத்திரும் ஐயா. ஜீன் பேர எக்செல் தேதியா மாத்துற தொல்ல தாங்காம 2020-ல மனுஷ ஜீன்கள் சிலதோட பேரையே மாத்த வேண்டியதாப் போச்சு, செப்ட்1-ங்கறது செப்டின்1 ஆச்சு. காஸ் நம்பர்ல கடைசி இலக்கம் சரிபார்க்கத்தான் இருக்கு. எத்தனால் 64-17-5, கடைசி அஞ்ச விட்டுட்டு வலதுலேருந்து 7-ஐ ஒண்ணால, 1-ஐ ரெண்டால, 4-ஐ மூணால, 6-ஐ நாலால பெருக்கிக் கூட்டினா 45, கடைசி இலக்கம் 5, சரி. எங்க பேக்கேஜ் இத தானா பாக்கும், தப்பா டைப் பண்ணா அங்கயே நிறுத்திரும்.

எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம் இதுதான், திட்டம் வேற நடந்தது வேற, ரெண்டும் தனித்தனியா எழுதணும். பாராசிட்டமால் பண்றோம்னு வைங்க, நாலு-அமினோஃபீனால் 10 மில்லிமோல் (மாலிக்யூல் எண்ணிக்கைக்கான அலகு), அதாவது 1.09 கிராம் எடுக்கணும்னு திட்டம். பேலன்ஸ்ல ஸ்பேட்டுலா கொஞ்சம் சாஞ்சு 1.12 கிராம் விழுந்துருச்சு, பரவால்லன்னு போட்டுடுவோம், தப்பில்ல. ப்ராடக்ட் 1.21 கிராம் கெடச்சா, திட்டத்த வச்சு கணக்குப் போட்டா ஈல்டு 80 சதவீதம், நடந்தத வச்சுப் போட்டா 78. நம்ம நோட்டுகள்ல பாதிப் பேரு 1.09-ன்னுதான் எழுதியிருப்பாங்க, ஏன்னா டேபிள முந்தின நாளே போட்டாச்சு. பொய் சொல்லணும்னு யாரும் நெனைக்கல, எழுத ரெண்டாவது கட்டம் இல்ல, அதான். எங்க ஃபைல்ல ரெண்டு கட்டம் இருக்கு. மில்லிமோல், ஈக்விவலன்ட் (ஒரு கெமிக்கலுக்கு இன்னொண்ணு எத்தன மடங்குங்கறது), ஈல்டு இதெல்லாம் கையால எழுதவே விடமாட்டோம், எடை எவ்ளோன்னு மட்டும் யூனிட்டோட எழுதுங்க, மிச்சத்த ப்ரோகிராம் கணக்குப் போடும்.

டெம்பரேச்சர்ல ஆர்டின்னு போட்டா ஏத்துக்காது, நம்பர் கேக்கும். நேரத்துல ஓவர்நைட்னு போட்டா ஏத்துக்காது, ஆரம்பிச்ச மணி முடிச்ச மணி கேக்கும். இதுக்கு லேப்ல நெறைய திட்டு வாங்கினேன், பரவால்ல.

அப்புறம் அழிக்கறது. பேப்பர் நோட்டுல தப்பா எழுதினா ஒரே கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துல சரியா எழுதி தேதி போடணும்னு யூஜிலயே சொல்லித் தந்தாங்க. கம்ப்யூட்டர்ல அந்த ஒழுக்கம் போயிருது, பேக்ஸ்பேஸ் அடிச்சா தடயமே இல்ல. அதனால நடந்தது பகுதில எழுதின வரி எழுதினதுதான், மாத்தணும்னா கீழ புது வரி சேத்து எத மாத்துறோம் ஏன்னு எழுதணும். "16:40, கலர் மஞ்சள்லேருந்து பிரவுன் ஆச்சு, காரணம் தெரியல" இந்த மாதிரி வரிதான் ரெண்டு வருஷம் கழிச்சு உயிரக் காப்பாத்தும். இத தமிழ்ல எழுதினாலும் ஃபைல் ஏத்துக்கும், யூனிகோட்தான், பசங்க இங்கிலீஷ்ல யோசிச்சு சுருக்கிடாம பாத்தத பாத்தபடி எழுதுறாங்க.

ஃபெயில் ஆன ரியாக்‌ஷனையும் எழுதணும். ஈல்டு பூஜ்யம்ங்கறதும் ஈல்டு அளக்கவே இல்லங்கறதும் ஒண்ணு இல்ல, மொதல்ல நாங்களும் ரெண்டையும் வெறுமையா விட்டு கொழப்பிக்கிட்டோம், இப்ப தனித்தனியா குறிக்கிறோம். உலகம் முழுக்க ரியாக்‌ஷன் டேட்டாவ ஒரே இடத்துல பொதுவா சேக்கறதுக்கு ஓபன் ரியாக்‌ஷன் டேட்டாபேஸ்னு ஒண்ணு நடக்குது, 2021-ல அதப் பத்தி பேப்பர் வந்துச்சு. கம்ப்யூட்டருக்கு கெமிஸ்ட்ரி கத்துக்கொடுக்கறவங்களுக்கு நடக்காத ரியாக்‌ஷனும் வேணும், பேப்பர்ல ஜெயிச்சது மட்டும்தான வருது. எங்க ஃபைல அந்த வடிவத்துக்கு மாத்துற வேல பாதில நிக்குது, தம்பிக்கு செமஸ்டர் எக்ஸாம்.

இப்ப நான் கேக்க வந்தது. 2009-ல யுஜிசி விதி வந்ததுலேருந்து பிஎச்டி தீசிஸ மின்வடிவத்துல கொடுக்கணும், அது ஷோத்கங்காங்கற ஆன்லைன் தீசிஸ் களஞ்சியத்துல ஏறுது, யார் வேணா படிக்கலாம், ரொம்ப நல்ல காரியம். ஆனா ஏறுறது பிடிஎஃப் மட்டும்தான். 82 சதவீதம்னு எழுதியிருக்கற பக்கம் ஏறுது, அந்த 82 எப்படி வந்துச்சுங்கற நோட்டு அலமாரில கரையான் அரிக்குது. நம்ம பல்கலைக்கழகங்கள் தீசிஸ் வாங்கும்போது கூடவே எக்ஸ்பெரிமென்ட் ஃபோல்டரையும் கேக்கலாம், எங்க பேக்கேஜத்தான் யூஸ் பண்ணணும்னு இல்ல, எந்த டெக்ஸ்ட் ஃபைலா இருந்தாலும் சரி. நாலு வருஷத்துல நான் போட்ட ரியாக்‌ஷன் எல்லாத்தோட டெக்ஸ்ட் ஃபைலும் சேந்து ஒரு செல்ஃபோன் ஃபோட்டோ அளவு கூட வரல, என்எம்ஆர் ஃபைல சேத்தாலும் ஒரு பென்டிரைவ்ல அடங்கிரும். இடம் இல்லன்னு யாரும் சொல்ல முடியாது.

பல்கலைக்கழகத்துல இருக்கறவங்க உங்க பத்திரிகைய படிக்கிறாங்கன்னு தெரியும், அதனாலதான் இங்க எழுதுறேன். அடுத்த ஏப்ரல்ல நான் தீசிஸ் சப்மிட் பண்றேன், வாங்கிக்கறாங்களோ இல்லையோ அந்த ஃபோல்டர ஒரு பென்டிரைவ்ல போட்டு பைண்டிங் பண்ணின புக்கோட பின் அட்டைல ஒட்டித்தான் கொடுக்கப் போறேன்.

இப்படிக்கு,
ஒரு ஆராய்ச்சி மாணவி,
திருச்சிராப்பள்ளி.