எத்தனை விநாடி எரிந்தது?

ஆசிரியருக்கு,

ஹைப்பர்சோனிக் ஏவுகணைகள், அதாவது ஒலியைவிட ஐந்து மடங்குக்கு மேல் வேகமாகப் போகும் ஏவுகணைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'மேக்' (ஒலியின் வேகத்தைப்போல் எத்தனை மடங்கு என்ற அளவு) என்ற சொல் பத்திக்குப் பத்தி வந்தது. 'விநாடி' ஒரே இடத்தில்தான் வந்தது, அதுவும் தவறாக. ஒரு சோதனைச் செய்தி வந்ததும் இந்தத் துறையில் இருப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை மேக் என்றல்ல. என்ஜின் எத்தனை விநாடி எரிந்தது, தரையிலா வானிலா என்பதைத்தான்.

வேகம் பழைய கதை. 1949 பிப்ரவரியிலேயே, ஜெர்மனியின் வி-2 ராக்கெட்டின் தலையில் ஏற்றிவிட்ட வாக் கார்ப்பரல் என்ற சிறிய ராக்கெட் மேக் 5-ஐத் தாண்டிவிட்டது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் முனை இறங்கும்போது மேக் 20-ஐ ஒட்டித்தான் வரும்; அதை யாரும் புதுமை என்று கொண்டாடுவதில்லை. வளிமண்டலத்துக்குள்ளேயே அந்த வேகத்தில் நெடுநேரம் தாக்குப்பிடித்து, வேண்டிய பக்கம் திரும்புவதுதான் புதிது. கட்டுரையாளரோ எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். ரஷ்யாவின் கின்ஷால், விமானத்திலிருந்து ஏவப்படும் பாலிஸ்டிக் (உந்திவிட்டபின் பெரும்பாலும் எறிந்த கல்லைப்போல் போகும்) ஏவுகணை. அவன்கார்டும் சீனாவின் டிஎஃப்-17-ம் ராக்கெட்டில் ஏறிப்போய், பிறகு என்ஜின் இல்லாமல் சறுக்கி வருபவை. காற்றை உள்ளிழுத்து எரித்துக்கொண்டே போவது ஸ்க்ராம்ஜெட். பிரம்மோஸ் மேக் 2.8-ல் போகும் ராம்ஜெட்; அதுவும் காற்றை உள்ளிழுப்பதுதான், ஆனால் மேக் 5-ஐ எட்டாது. இந்தப் பட்டியலில் அதற்கு வேலையே இல்லை.

ராம்ஜெட்டுக்குள் வரும் காற்றை ஒலி வேகத்துக்குக் கீழே தணித்துத்தான் எரிப்பார்கள். மேக் 6-ல் அது ஏன் கட்டுப்படியாகாது என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். 30 கி.மீ. உயரத்தில் காற்று சுமார் 226 கெல்வின். மேக் 6-ல் வரும் காற்றைத் தணித்தால் ஏறும் சூட்டுக்கு, அதை (1 + 0.2 × 6²), அதாவது 8.2-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 1,850 கெல்வின். எரிபொருளைத் தொடுவதற்கு முன்பே காற்று இந்தச் சூட்டை நெருங்கிவிட்டால், எரித்துக் கூட்டுவதற்கு மிச்சம் குறைவு; அழுத்தமும் வீணாகும். அதனால் ஸ்க்ராம்ஜெட்டில் காற்றை ஒலியைவிட வேகமாகவே ஓடவிட்டு, அந்த ஓட்டத்திலேயே எரிக்கிறார்கள். எரியறைக்குள் காற்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். அறை ஒரு மீட்டர் நீளம் என்றால், எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய ஒரு மில்லிவிநாடிகூடக் கிடைக்காது. ஹைட்ரஜன் இதைச் சமாளிக்கும். மண்ணெண்ணெய் வகை எரிபொருள் திணறும். ஓட்டத்தின் குறுக்கே மெல்லிய தூண்களை நிறுத்தி அவற்றிலிருந்து எரிபொருளைப் பீச்சுவதும், சுவரில் குழி விட்டு அங்கே சுடரைத் தங்கவைப்பதும் இதற்காகத்தான்.

அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ என்ற ஸ்க்ராம்ஜெட் சோதனை வாகனத்தில் முதலில் எத்திலீன் வாயுவைப் பற்றவைத்து, பிறகு ஜேபி-7 என்ற மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றினார்கள். 2011 ஜூன் சோதனை அந்த மாற்றத்தில்தான் கெட்டது. எரியறையில் அழுத்தம் வரம்பு மீறினால், உள்ளே நிற்க வேண்டிய அதிர்வலைகள் (ஒலியைவிட வேகமான ஓட்டத்தில் காற்று திடீரென்று அமுங்கும் எல்லைகள்) முன்னோக்கித் தள்ளப்பட்டு காற்று நுழையும் வாய்க்கு வெளியே வந்துவிடும். உள்ளே போக வேண்டிய காற்று ஓரமாக வழிந்துவிடும். உந்துவிசை போய் இழுவிசை ஏறும். இதைத் தாங்க எரியறைக்கு முன்னால் ஐசொலேட்டர் என்றொரு குழாய்ப் பகுதி உண்டு. அதற்கும் ஓர் அளவு இருக்கிறது. எரிபொருளைக் கூட்டினால் இந்தத் தொல்லை, குறைத்தால் சுடர் அணையும்.

இப்போது விநாடிக்கு வருகிறேன். நாசாவின் எக்ஸ்-43ஏ 2004 நவம்பரில் ஏறக்குறைய மேக் 9.6-ஐத் தொட்டது, என்ஜின் எரிந்தது சுமார் 10 விநாடி, ஹைட்ரஜனில். எக்ஸ்-51ஏ 2013 மே 1 அன்று மேக் 5.1-க்கு மேல் போகவில்லை, ஆனால் சுமார் 210 விநாடி எரிந்தது. என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய செய்தி. பத்து விநாடிக்குக் கனத்த உலோகமே சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். நிமிடக்கணக்கில் எரிய வேண்டுமானால் எரிபொருளையே சுவருக்குள் உள்ள நுண்வழிகளில் ஓட்டிக் குளிர்விக்க வேண்டும். சூட்டை வாங்கிய எரிபொருள் உடைந்து சிறு மூலக்கூறுகளாகும். அது நல்லது, இன்னும் சூட்டை வாங்கும், எளிதில் பற்றும். அளவு மீறினால் கரி படியும். ஒரு வழி அடைத்துக்கொண்டால் அந்த இடத்தில் மட்டும் குளிர்ச்சி நின்று சுவர் ஓட்டையாகும்.

'இந்தியாவின் ஸ்க்ராம்ஜெட் 1,000 விநாடி பறந்தது' என்று எழுதியிருப்பது பிழை. 2025 ஏப்ரலில் ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி ஆய்வகமான டிஆர்டிஎல் செய்தது தரைச் சோதனை, சிறிதாக்கிய எரியறையில். இவ்வகைச் சோதனையில் சூடாக்கிய காற்றைக் குழாய் வழியே நேராக எரியறைக்குள் விடுவார்கள். குளிர்விக்கும் முறை நிற்கிறதா என்று பார்க்க அது அருமையான சோதனை. ஆனால் காற்று நுழையும் வாயோ, வெளித்தோலின் சூடோ அதில் சோதனைக்கு வருவதில்லை. வானில் நடந்தது வேறு: 2016 ஆகஸ்டில் இஸ்ரோ 5 விநாடி, 2020 செப்டம்பர் 7-ல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓ-வின் எச்எஸ்டிடிவி என்ற சோதனை வாகனம் 20 விநாடிக்கு மேல்.

வெளித்தோலை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 1967 அக்டோபர் 3-ல் அமெரிக்காவின் எக்ஸ்-15 ராக்கெட் விமானம் மேக் 6.7 போனபோது, அடியில் தொங்கிய மாதிரி என்ஜினின் அதிர்வலை அதைத் தாங்கிய பகுதியில் மோதி, உலோகத்தையே துளைத்துவிட்டது. அந்த மாதிரி என்ஜினும் கழன்று விழுந்தது. ஒரு பொருளின் அதிர்வலை பக்கத்துப் பொருளில் படும் இடத்தில் சூடு பல மடங்கு ஏறும் என்பதை அந்த ஓட்டைகள் காட்டின.

'எந்தப் பக்கமும் சட்டென்று திரும்பும்' என்ற வரியையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விநாடிக்கு 1.8 கி.மீ. வேகத்தில், புவியீர்ப்பைப்போல் 5 மடங்கு பக்கவிசை கொடுத்துத் திரும்பினாலும் வளைவின் ஆரம் சுமார் 66 கி.மீ. வரும். எதிரியின் கணிப்பைக் குலைக்க அது தாராளமாகப் போதும். சட்டென்று என்ற சொல்தான் பொருந்தவில்லை.

கடைசியாக, பெட்டிச் செய்தியில் மேக் 6 என்றால் மணிக்கு 7,300 கி.மீ. என்று போட்டிருக்கிறீர்கள். அது கடல் மட்டத்துக் கணக்கு. 30 கி.மீ. உயரத்துக் குளிரில் ஒலியே மெதுவாகப் போகும். அங்கே மேக் 6 என்பது சுமார் 6,500 கி.மீ.

இப்படிக்கு,
வான்பொறியியல் துறை வாசகர்