நீலத் தொட்டியின் அருகில் வைத்தால் நன்கொடை ஆகாது

ஆசிரியருக்கு,

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும் நாள்களில் அடுக்குமாடி புளோக்குக் கீழே மறுபயனீட்டுக்கான நீலத் தொட்டியைச் சுற்றி ஒரு குட்டிச் சந்தையே கூடிவிடுகிறது. தலையணை, கால் ஆடும் முக்காலி, பை நிறையச் சேலை, பழைய மிக்சி. ‘யாருக்காவது உதவட்டும்’ என்றுதான் வைக்கிறார்கள். ஒரு மழை அடித்தால் அத்தனையும் குப்பை.

நீலத் தொட்டி காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் ஆகிய நான்குக்கு மட்டும். நான்கும் கலந்தே விழுவதால், குழம்பு ஒட்டிய டப்பா ஒன்று போதும், அடியில் கிடக்கும் அட்டையும் செய்தித்தாளும் ஊறிக் கெட்டுவிடும். எண்ணெய் ஏறிய காகிதத்தைக் கூழாக்கினால் நார்கள் சரியாகப் பிணையாது. சிங்கப்பூரின் தேசிய சுற்றுப்புற வாரியத்தின் கணக்குப்படி, இத்தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு மறுபயனீட்டுக்கு உதவாதது. போத்தலைப் பளபளவென்று தேய்க்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி ஊற்றினால் போதும். டிஷ்யூவும் ஸ்டைரோஃபோமும் போடவே கூடாது.

துணிமணிகளை அறநிறுவனக் கடைகளுக்குக் கொடுப்பதானால், துவைத்து நன்றாகக் காயவைத்த பிறகே பையைக் கட்டுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் லேசான ஈரம் இருந்தாலும் பூஞ்சணம் பிடித்து, பக்கத்துத் துணிக்கும் பரவும். சேலையோடு அதன் ரவிக்கையை ஊக்கு குத்திச் சேர்த்துவிடுங்கள். காலணிகளை ஜோடியாகக் கட்டிவிடுங்கள். தரம்பிரிக்கும் மேசையில் ஒற்றையாகப் போனது மறுபடி ஜோடி சேர்வது அரிது. மெத்தை, தலையணையைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், மூட்டைப்பூச்சி பயம்.

அறைகலனில் அதிகம் ஏமாற்றுவது மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலமாரி. பார்க்கப் புதிதாக இருக்கும். ஒருமுறை கழற்றி மறுபடி பூட்டினால் திருகு பிடிக்காது, துளையைச் சுற்றியுள்ள தூள் உதிர்ந்திருக்கும். அதனால் நீள, அகல, உயரத்தை அளந்து, பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள். முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் லாரி வந்து வெறுமனே திரும்பும். கொள்வார் இல்லையென்றால் நகர மன்றத்தை அழைத்து நாள் குறியுங்கள். பல நகர மன்றங்கள் மாதத்துக்குச் சில பொருள்களை இலவசமாக எடுத்துச்செல்கின்றன. அதுவரை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி அடைபடாமல் இருக்க வேண்டும்.

பழையதை அகற்றப் பலர் வீணாகக் காசு கொடுப்பது குளிர்பதனப் பெட்டிக்கும் சலவை இயந்திரத்துக்கும்தான். 2021 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவுத் திட்டத்தின்கீழ், புதியதை வீட்டுக்குக் கொண்டுவரும் கடை அதே வகைப் பழையதை இலவசமாக எடுத்துச்செல்ல வேண்டும். பொருளை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். கொண்டுவரும் ஊழியரிடம் வாசலில் நின்று கேட்டால் லாரியில் இடமில்லை என்பார். முந்தைய நாளே பெட்டியை அணைத்து, பனி உருகிய தண்ணீரைத் துடைத்து வையுங்கள். பின்பக்கச் செப்புக் குழாயை யாரையும் வெட்டவிடாதீர்கள்; உள்ளிருக்கும் வாயு வெளியேறிவிடும்.

கைப்பேசி, மடிக்கணினி மின்கழிவுத் தொட்டிக்குப் போகும் முன் சிம் அட்டையை எடுத்து, உள்ளிருப்பதை முழுதாக அழித்துவிட வேண்டும். சிறு பேட்டரிகளின் முனையில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஒன்றோடொன்று உரசினால் தீப்பற்றக்கூடும். உப்பிய பேட்டரியைத் தொட்டியில் போடவே கூடாது. மிக்சி, கிரைண்டர், பிரஷர் குக்கர், எவர்சில்வர் பாத்திரங்களுக்குக் வீடு வீடாக வந்து பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரரே சரியான ஆள். காசு அதிகம் பெயராது, ஆனால் மோட்டாரும் உலோகமும் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

கோயில்களும் சமூக மன்றங்களும் பண்டிகைக்கு முன் சேகரிப்பு நாள் நடத்தும்போது, எவற்றை ஏற்க மாட்டோம் என்ற பட்டியலை இரண்டு வாரம் முன்னதாகவே தமிழிலும் மின்தூக்கி அருகே ஒட்டும்படி கேட்டுக்கொள்கிறேன்.

- மறுபயனீட்டுத் தொண்டூழியர், ஈசூன்