ஏப்ரல் 9ஐ வைத்து அளந்து பார்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. கொழும்புக்குப் போகும்போது வாங்க நினைத்திருக்கும் நூல்களின் பட்டியலையும் பார்த்தேன். விமானம், கப்பல், புகையிரதம் பற்றிப் புது நூல்கள் ஓயாமல் வருகின்றன. தாளும் அச்சும் முன்னையைவிட எவ்வளவோ அழகு. ஆனால் உள்ளே இருப்பது புதிய தேடலா, பழைய நூலின் பிழையைத் திரும்ப அச்சடித்ததா என்று அட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க உனக்கும் எனக்கும் ஊரே ஓர் உரைகல்லைத் தந்திருக்கிறது: ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய 1942 ஏப்ரல் 9. இந்துசமுத்திரப் போரைத் தொடுகிற எந்த நூலானாலும், கடையில் நின்றபடியே பின்பக்கச் சொல்லடைவைத் திருப்பி, திருகோணமலை, இங்குள்ள விமானத்தளமான சீனக்குடா, அன்று தாழ்ந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மூன்றையும் தேடு. அந்தப் பக்கங்களை நிதானமாக வாசித்தால் பணத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். சொல்லடைவே இல்லாத நூலென்றால் அந்தப் பத்து நிமிடமும் மிச்சம்.

(திருகோணமலை என்ற பெயரில் ஒரு கப்பலும் அகப்படும். 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய பிரித்தானியப் போர்க்கப்பல் அது. இன்னும் மிதக்கிறது, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. அந்தப் பக்க எண்களோடு குழம்பிவிடாதே.)

முதலில் விமானந்தாங்கிக் கப்பல்களை எண்ணு. ஜப்பானியத் தளபதி நகுமோ இந்தப் பக்கம் கொண்டுவந்தவை ஐந்து: அகாகி, ஹிர்யு, சோர்யு, ஷோகாகு, சுய்காகு. அமெரிக்கத் தளமான பேர்ள் ஹாபரைத் தாக்கப் போனவை ஆறு. ஆறாவதான காகா, திருத்த வேலைக்காக ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. அதனால் "பேர்ள் ஹாபரைத் தாக்கிய அதே ஆறு கப்பல்கள்" என்று எழுதியவர் கப்பல்களின் நாட்குறிப்பைத் திறக்காமலே எழுதியிருக்கிறார்.

பிறகு ராடார். இங்கேதான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். ஏப்ரல் 5ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பில் ராடார் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. விமானிகள் தாக்குதலுக்கு நடுவிலேதான் எழும்ப வேண்டியிருந்தது. நாலு நாள் கழித்து இங்கே நடந்தது வேறு. ராடார் தொலைவிலேயே பிடித்துவிட்டது. சீனக்குடாவிலிருந்து பிரித்தானியச் சண்டை விமானங்கள், 261ஆம் அணியின் 17 ஹரிகேன்களும் 273ஆம் அணியின் 6 ஃபுல்மர்களும், நேரத்தோடு எழும்பின. அப்படியிருந்தும் 8 ஹரிகேன்களும் 3 ஃபுல்மர்களும் போயின. காரணம் தெளிவு. வந்தவர்களின் எண்ணிக்கை பல மடங்கு. அதோடு, தாழ்ந்த வேகத்தில் திரும்பிச் சுழன்று சண்டை பிடிப்பதில் ஜப்பானியரின் ஸீரோ விமானத்தை ஹரிகேன் வெல்ல முடியாது. இரண்டு தாக்குதல்களையும் ஒன்றாகப் பிசைந்து "இலங்கை தூங்கிக்கொண்டிருந்தது" என்று ஒரே வரியில் முடிக்கிற நூலை நான் கையால் தொடமாட்டேன். சுட்டு வீழ்த்தியதாகச் சொல்லும் எண்ணிக்கைகளையும் கவனி. இரு தரப்பும் கூட்டித்தான் சொன்னார்கள். நல்ல ஆசிரியர் ஒரு தரப்பின் கோரிக்கையை மறுதரப்பின் இழப்புப் பதிவோடு பக்கத்தில் வைத்துக் காட்டுவார்.

அடுத்தது நேரம். ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் நின்றாலும் தோக்கியோ நேரத்தில்தான் பதிவெழுதும். இலங்கையில் 1942 ஜனவரியில் கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியிருந்தார்கள், ஆகவே அந்த ஏப்ரலில் இரண்டுக்கும் இடைவெளி சரியாக 3 மணித்தியாலம். இங்கே காலை 7.20 என்றால் அவர்களின் குறிப்பில் 10.20. அந்த ஆண்டு செப்டம்பரில் கடிகாரம் இன்னும் அரை மணி முன்போனது, அதற்குப் பிறகு இடைவெளி இரண்டரை. இந்தக் கணக்குத் தெரியாதவர் எழுதினால், திருகோணமலையில் குண்டு விழுந்ததும் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் மூழ்கியதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடந்தது போல ஆகிவிடும்.

ஹேர்மிஸைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை, உன் கடல் அது. ஆனாலும் மூன்று இடத்தைப் பார். அது இந்தத் துறைமுகத்தில் தாழவில்லை. முந்திய இரவே புறப்பட்டுத் தெற்கே போய், ஏப்ரல் 9 முற்பகல் 11 மணிக்குச் சற்று முன் உங்கள் பக்கத்தில் மூழ்கியது. தாழ்த்தியது டோர்ப்பிடோ இல்லை, செங்குத்தாகப் பாய்ந்த குண்டு விமானங்கள். அதன் சொந்த 814ஆம் அணி சீனக்குடாவில் தரையில் நின்றது, கப்பலைக் காக்க அதில் விமானம் கிடையாது. மூன்றாவது நுட்பமானது. "உலகின் முதல் விமானந்தாங்கிக் கப்பல்" என்று எழுதினால் பிழை. விமானந்தாங்கி என்றே வரைந்து முதலில் அடிக்கட்டை போட்டது ஹேர்மிஸுக்கு, 1918இல். ஆனால் முதலில் கட்டி முடித்துச் சேவைக்கு வந்தது ஜப்பானின் ஹோஷோ, 1922இல். ஹேர்மிஸ் வந்தது 1924இல். இறந்தவர்கள் 307 பேர். அன்று அதே கடலில் தாழ்ந்த வம்பயர், ஹொலிஹொக் என்ற போர்க்கப்பல்கள் இரண்டின் பெயரையும் சொல்லாமல் விடுகிற நூல்களும் உண்டு, அது எனக்கு மனவருத்தம்.

எண்ணெய்த் தாங்கிகளின் கதையில் ஒரு சொல்லைத் தேடு: "கமிகாசே". விமானம் ஒன்று தாங்கி மேல் விழுந்து எரிந்தது உண்மை. ஆனால் கமிகாசே அணிகள், அதாவது வேண்டுமென்றே மோதிச் சாகும் ஜப்பானிய விமானி அணிகள், உருவானது 1944 ஒக்டோபரில். 1942க்கு அந்தச் சொல்லைப் போடுகிறவர், விமானி வேண்டுமென்றே மோதினார் என்ற ஊர்ப்பேச்சுக்கு ஆதாரம் தேடியிருக்கமாட்டார். நூல் உண்மையிலேயே புதியதா என்று பார்க்க இன்னொரு வழி சாகையிங். அன்றைய தாக்குதலில் எரிந்து பின்னர் துறைமுகத்தில் தாழ்த்தப்பட்ட அந்தச் சரக்குக் கப்பலைக் கடற்படைச் சுழியோடிகள் 2018இல் மேலே கொண்டுவந்துவிட்டார்கள். 2018க்குப் பிறகு வந்த நூல் "இன்றும் துறைமுகத்தின் அடியில் கிடக்கிறது" என்றால் அது பழைய நூலின் நகல்.

வாசித்தது போதும், இனிப் படங்களைப் பார். நெகட்டிவைப் புரட்டி அச்சடிப்பது இன்றும் நடக்கிறது. விமானந்தாங்கியின் மேற்கட்டடம் வலப்பக்கத்தில் இருப்பதே வழக்கம். இடப்பக்கத்தில் கண்டால் படம் புரண்டிருக்கிறது. ஆனால் அகாகிக்கும் ஹிர்யுவுக்கும் உண்மையிலேயே இடப்பக்கம்தான்! அந்த இரண்டையும் "சரிசெய்து" வலப்பக்கமாக்கிய பதிப்பாளர்கள் இருக்கலாம், கவனம். எயார் சிலோன் பற்றிய நூலென்றால் டிரைடன்ட் ஜெட்டின் படத்தைத் தேடு. அதன் மூக்குச் சக்கரம் நடுக்கோட்டில் இல்லை, இடப்பக்கம் ஏறத்தாழ 2 அடி தள்ளி இருக்கும். முன்னிருந்து எடுத்த படத்தில், விமானத்தின் வலப்பக்கமாகத் தெரிந்தால் புரட்டி அச்சடித்தது. பதிவெழுத்தும் காலத்தைச் சொல்லும். இலங்கை விமானங்களுக்கு முதலில் வீபீ-சீ, பிறகு சீவை, அதற்குப் பிறகுதான் இன்றைய 4ஆர். 1947 டிசம்பர் 10 முதற்பறப்பு என்று விளக்கம் போட்டு, படத்தில் 4ஆர் எழுத்தோடு டக்கோட்டா நின்றால் விளக்கம் பொய்.

சீனக்குடாவைப் பற்றி 1942ஓடு நிறுத்திவிடுகிற நூல் பாதி நூல். 1944 ஓகஸ்ட் 10 இரவு 54 பி-29 விமானங்கள் இங்கிருந்து கிளம்பிச் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போயின. அதற்காகவே ஓடுபாதையை 7,200 அடியாக நீட்டினார்கள். போய்வர 3,800 மைலுக்கு மேல். எரிபொருளுக்கே எடை போய்விட்டதால் ஒவ்வொன்றும் தூக்கியது ஒரு தொன் அளவு குண்டுதான். 39 விமானங்கள் இலக்கை எட்டின. ஒரு பகுதி மூசி ஆற்றில் கண்ணிவெடி போட்டது. எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது ஒன்று. தம்பலகாமத்து வயலுக்கு அப்பால் அந்தப் போரின் மிகப் பெரிய குண்டு விமானங்கள் வரிசையாக நின்றன என்பது எங்கள் பிள்ளைகளுக்கே தெரியாது. இதற்கு இரண்டு பக்கமாவது ஒதுக்கிய நூலென்றால் விலை பார்க்காமல் வாங்கு.

ஆவணப்படங்களைக் காதால் சோதி. ஹரிகேனின் மெர்லின், 12 சிலிண்டர் வி வடிவம், ஒரே சீராக உறுமும். ஸீரோவின் சகாயே, 14 சிலிண்டர் வட்ட எஞ்சின். ஆனால் படங்களில் ஸீரோவாக நடிப்பவை பெரும்பாலும் உருமாற்றிய ஹார்வார்ட் பயிற்சி விமானங்கள். அவற்றின் 9 சிலிண்டர் எஞ்சினைவிட விசிறியே அதிகம் கத்தும், நுனி ஒலிவேகத்தைத் தொடுவதால். அந்தக் கிழிக்கிற சத்தம் கேட்டால் காட்சி நடித்தது. பழைய சுருள்களில் விமான வகையைப் பார்: 1942 என்று குரல் சொல்லும்போது திரையில் இறக்கை மடங்கும் கோர்சேர் வந்தால், அது 1944இல் இந்தத் துறைமுகத்திலிருந்து சுமாத்திராப் பக்கத்துச் சபாங்கைத் தாக்கப் போன கப்பல்களின் சுருளாக இருக்கலாம். பிரித்தானிய விமானங்களின் வட்டச் சின்னமும் அப்படியே. 1942 ஏப்ரலில் நடுவில் சிவப்பு இருந்தது. ஜப்பானியச் சின்னத்தோடு குழம்புகிறதென்று பிறகு எடுத்துவிட்டார்கள்.

சூரரைப் போற்று பற்றியும் கேட்டிருந்தாய். நல்ல படம், ஆனால் வரலாறாக எடுக்காதே. மூலக்கதைக்குரிய கோபிநாத் தரைப்படைக் கப்டன். படத்தின் நாயகன் விமானப்படைக்காரன். கோபிநாத்தின் விமான நிறுவனமான எயார் டெக்கான் 2003இல் தொடங்கியது ஏடிஆர் விசிறி விமானங்களோடு. ஏன் ஜெட் இல்லாமல் விசிறி என்பதை, அதாவது குறுந்தூரத்தில் எரிபொருளும் ஓடுபாதை நீளமும் எப்படிக் கணக்காகின்றன என்பதைத் தமிழில் ஒருவர் நூலாக எழுதவேண்டும் என்று எனக்கு ஆசை.

புகையிரத நூல்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லோயாவிலிருந்து எங்கள் பாதை திறந்தது 1927. அகலம் 1,676 மில்லிமீற்றர். 1,435 என்று அட்டவணையில் கண்டால் வேறு நாட்டு நூலிலிருந்து ஒட்டியது. எம்2 டீசல் எஞ்சின்கள் கொழும்புத் திட்டம் என்ற உதவித் திட்டத்தில் கனடா தந்தவை. ஒன்ராறியோ, அல்பேட்டா என்று அவற்றுக்கு மாகாணப் பெயர் வந்தது அதனால்தான். வலு 1,425 குதிரை.

வாங்கின பிறகு காப்பாற்றவும் வேண்டுமே. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பயமில்லை; ஐப்பசி பிறந்து தை வரைதான் ஆபத்து. அலுமாரிக்குள் சிறிய ஈரப்பதமானி ஒன்று வை. 50, 55 சதவீதம் நல்லது, 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். சிலிக்கா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் 120 பாகை செல்சியசில் இரண்டு மூன்று மணித்தியாலம் சூடாக்கித் திரும்பப் போடலாம். அலுமாரியைக் கடற்பக்கச் சுவரில் ஒட்டாமல் ஒரு சாண் விட்டு வை. படநூல்களின் தாள் களிமண் பூசிய பளபளப்புத் தாள். நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் ஒட்டிக் கல்லாகிவிடும், பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நனைந்த அன்றே, ஈரம் போகுமுன், ஒவ்வொரு பக்கத்துக்கிடையிலும் மெழுகுத் தாள் வைத்து விசிறிக்காற்றில் நிறுத்து. மேலே பாரம் ஏற்றாதே. அன்றைக்கு முடியாவிட்டால் பையில் சுற்றி உறைகுளிர்ப்பெட்டிக்குள் போடு, அவகாசம் கிடைக்கும்.

கொழும்பில் இரண்டு மணித்தியாலம் மிஞ்சினால் இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் போ. டக்கோட்டா அங்கே நிற்கிறது. நூல்களில் நான் தேடிக் களைத்தது அதன் வால்சக்கரப் பூட்டின் தெளிவான படம், முடிந்தால் கிட்ட நின்று எடு. பட்டியலில் மூன்றாவதாக இருக்கும் நூலின் சீனக்குடாப் பக்கத்தையும் அதற்குரிய அடிக்குறிப்புகளையும் வாங்குமுன் படமெடுத்து அனுப்பு. அன்று மாலையே பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்