கீழ்வீட்டுப் பாட்டி சொன்ன சொல்

சரகோசா, ஸ்பெயின்
ஜனவரி 18

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னியுங்கள். எப்ரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியே வரும் சியெர்சோ என்னும் வாடைக்காற்று காதை அறுக்கிறது. கணப்பை இரவில் மட்டும் சற்று நேரம் போட்டுக்கொள்கிறேன், கம்பளி இருக்கிறது. வேலைக்குக் குறையில்லை.

கீழ்வீட்டுப் பாட்டியின் நாயைக் கேட்டிருந்தீர்கள். அது போய்விட்டது. வெறும் கழுத்துப்பட்டையைக் கையில் பிடித்தபடி படிக்கட்டில் நின்று, 'துவிமோஸ் கே சக்ரிஃபிகார்லோ' என்று அழுதார். 'அதைச் சக்ரிஃபிகார் செய்ய வேண்டியதாயிற்று' என்று அதற்குப் பொருள். ஸ்பானிய மொழியில் சக்ரிஃபிகார் என்றால் பலியிடுவது என்றுதான் படித்திருந்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்து, கிடா தலையைச் சிலுப்பும்வரை அய்யனார் கோயிலில் காத்து நிற்போமே, அதுதான் கண்முன் வந்தது. பிள்ளைபோல் வளர்த்ததை எந்தச் சாமிக்குக் கொடுத்தார் என்று திகைத்து நின்றேன். தீராத நோயுள்ள பிராணியை மருத்துவர் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவைப்பதற்கும் அதே வினைதான் என்று என் ஸ்பானிய மொழி வகுப்பு ஆசிரியை பிறகு விளக்கினார். இறைச்சிக்காகப் பன்றியை அறுப்பதற்கும், சதுரங்கத்தில் ராணியை வெட்டக் கொடுப்பதற்கும் அதுவே. லத்தீன் வேரில் அதன் பொருள் 'புனிதமாக்குதல்'.

ஈற்றில் 'ஸே' சேர்ந்தால் செயல் தன் மீதே திரும்பி, பிறருக்காகத் தன்னையே தேய்த்துக்கொள்வது என்றாகிவிடும். பாட்டி தம் தாயைப் பற்றி 'சக்ரிஃபிகாதா' என்பார்; தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாதவள். நமக்குப் பலி வேறு, தியாகம் வேறு. இவர்கள் இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கிறார்கள், அதுவே சரியென்று இப்போது படுகிறது.

அந்த வினையை வைத்து வாக்கியம் எழுதச் சொன்னபோது, 'எங்களுக்காக அம்மா தன்னையே தந்தாள்' என்று 'சக்ரிஃபிகோ' போட்டேன். அது முடிந்துபோன காலம். எல்லோரும் உண்ட பிறகு அடிப்பானைச் சோற்றில் நீங்கள் மோர் ஊற்றிக்கொள்வது நினைவுக்கு வந்ததும், அதை அடித்துவிட்டு 'சக்ரிஃபிகா' என்று நிகழ்காலத்துக்கு மாற்றினேன். அதற்குமேல் எழுத முடியவில்லை. அந்த மோர்ச்சோறு ஒரு வாய் கிடைத்தால் போதும் அம்மா.

தங்கையின் கல்யாணத்துக்காகச் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். கிணற்றடி நிலத்துக்குப் பெரியப்பா கையெழுத்துக் கேட்டால், நான் வரட்டும் என்று சொல்லுங்கள். மாசி பிறப்பதற்குள் பணம் அனுப்புகிறேன். அதில் முதலில் அப்பாவின் கண் அறுவைக்கு நாள் குறித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்