பர்கூர் வட்டத் தொல்சின்னங்களைப் பேணும் பணியில் ஊர் இளைஞர்களைச் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர் இளைஞர்கள் மற்றும் பொதுமக்கள்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: நடுகற்கள், பாறை ஓவியங்கள், கல்வட்டங்கள் (பழங்கால ஈமக்குழிகளைச் சுற்றி வட்டமாக வைத்த கற்கள்) ஆகியவற்றைக் கண்காணிக்க இளைஞர்களுக்குப் பயிற்சியும் அடையாள அட்டையும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து எங்கள் பகுதியின் பெயர் வெளியூர்களிலும் அடிபடுகிறது. மல்லப்பாடியின் வெண்ணிறப் பாறை ஓவியங்களோ ஆய்வாளர்களுக்கு வெகுநாளாகத் தெரிந்தவை. ஆனால் அந்தப் பாறைகளின் மேல் ஆடு மேய்ப்பவரிடமும், விடுமுறையில் ஏறி விளையாடும் பிள்ளைகளிடமும் அவற்றின் அருமையை யாரும் முறையாக எடுத்துச் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று நாங்கள் கும்பிடும் நடுகல் ஒன்று உள்ளது. வில்லேந்திய வீரன், தலைக்கு மேலே எழுத்து வரிகள். திருவிழாவுக்காக அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இப்போது வீரனுக்குக் கறுப்பு மீசையும் சிவப்புக் கச்சையும் வந்துவிட்டன. எழுத்துகளில் பாதி பெயிண்டுக்குள் போய்விட்டது. பக்தியோடு செய்தவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. பூசையையும் பொங்கலையும் நிறுத்தச் சொல்லவும் இல்லை. இன்னது கூடாது என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆள் அன்று அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே, பதாகை பிடித்துப் படமெடுத்துக்கொண்டு கலைந்துபோகும் ஒருநாள் துப்புரவு முகாம் எங்களுக்கு வேண்டாம். விவரம் தெரியாமல் ஓவியப் பாறையைக் கழுவினால் அழுக்கோடு ஓவியமும் போய்விடும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகக் காப்பாட்சியரோ தொல்லியல் துறை அலுவலரோ எங்களுக்குக் களத்திலேயே பயிற்சி அளிக்க வேண்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, எப்படி அளவெடுத்துப் படம் பிடிப்பது என்று காட்டினால் போதும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களையும், படிப்பை முடித்து ஊரிலேயே இருக்கும் பெண்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பயிற்சி பெற்றவர்கள் ஊர் ஊராகச் சென்று பட்டியல் எடுப்போம். கிராம நிர்வாக அலுவலரின் துணையோடு ஒவ்வொரு கல்லுக்கும் புல எண் குறித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்படைப்போம். இதைத்தான் முக்கியமாகக் கேட்கிறோம். அரசின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் ஏறாத கற்களே இங்கு மிகுதி. கிரானைட் குவாரிக்குக் குத்தகை கேட்டு விண்ணப்பம் வரும்போது, அந்தப் புறம்போக்கில் கல்வட்டம் இருப்பது கோப்பில் இல்லாவிட்டால் அலுவலருக்கு எப்படித் தெரியும்? குத்தகை வழங்குமுன் இந்தப் பட்டியலைப் பார்க்க வேண்டும் என்று கனிமவளத் துறைக்குத் தாங்கள் அறிவுறுத்த வேண்டும்.

அடையாள அட்டை கேட்பதற்கும் காரணம் உண்டு. புதையல் இருப்பதாக நம்பி இரவில் தோண்ட வருபவர்களைத் தட்டிக் கேட்டால், "கேட்க நீ யார்?" என்கிறார்கள். அட்டையும், தகவல் சொல்ல ஒரு பொறுப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணும் இருந்தால் எங்கள் பேச்சுக்கு மதிப்பிருக்கும். சம்பளம் கேட்கவில்லை; களப்பணி நாட்களில் பஸ் செலவும் சாப்பாடும் கிடைத்தால் நலம்.

வேடியப்பன் கல்லின் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிடலாம் என்று ஊரில் சிலர் கிளம்பினார்கள். துறையினர் வந்து பார்க்கும்வரை தொட வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறோம். அடுத்த திருவிழாவுக்கு முன்பாக, முதல் பயிற்சியை அந்த ஏரிக்கரையிலேயே நடத்த ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர் இளைஞர்கள் மற்றும் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)